ஒன்பது புள்ளி பிஸ்கட்

சலீம் பாய் நீண்ட மரத் துடுப்பை அடுப்புக்குள் விட்டு, முதல் தட்டை இழுத்து மேடைமேல் வைத்தார். கறுத்த இரும்புத் தட்டு. வரிசைக்கு எட்டு பிஸ்கட். நெய்யும் ஏலக்காயும் மணத்தன. அதற்கடியில், பிஸ்கட் பொரிந்து வர மாவில் சேர்க்கும் அமோனியாவின் மிச்சம், மூக்கைச் சுருங்க வைத்தது. ஓரத்திலிருந்து ஒரு பிஸ்கட்டை உருது நாளிதழின் கிழிசலில் எடுத்து, விசிறிச் சூடு தணித்து, அம்மாவிடம் நீட்டினார்.

"பாபீ, சக்கோ," என்றார். அண்ணி, ருசி பாருங்கள் என்று அர்த்தம்.

மற்ற ஆண்டுகளில் அந்த முதல் பிஸ்கட்டை அவரும் அப்பாவும் ஆளுக்குப் பாதியாகத் தின்று, வெந்தது போதுமா, இன்னும் சிவக்க வேண்டுமா என்று தீர்ப்புச் சொல்வார்கள். அந்த ஆண்டு தீபாவளி நோன்பு மாதத்துக்குள் வந்து விழுந்திருந்தது. சலீம் பாய் பொழுது சாயும்வரை வாயில் எதுவும் வைக்க மாட்டார். அப்பா உயிரோடு இல்லை.

பெஞ்சில் தங்கள் தங்கள் மாவுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தவர்களில் எங்கள் காலனி மீனாட்சி ஆன்ட்டியும் இருந்தார். அப்பாவோடு வேலை பார்த்தவரின் மனைவி. அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு அம்மாவின் கையையே பார்த்தார். கணவன் இறந்து ஆண்டு திரும்பாத ஒருத்தி, தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நாலு பேர் பார்க்க இனிப்பை வாயில் வைப்பாளா?

வைத்தாரா என்பதைச் சொல்வதற்கு முன் வேறு சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

நாள் போடாத அத்தியாயம்

இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு என் வியாதி தெரியும். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைக்கூட எறியாமல் கட்டிவைத்திருப்பவள் நான். எங்கள் தெருவில் முதல் கேபிள் இணைப்பு எந்தக் கிழமை வந்தது என்று கேட்டாலும் சொல்வேன். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு கிழமையைத் தவறாக எழுதியதற்கு நானே திருத்தம் அனுப்பினேன்.

ஆனால் இந்த அத்தியாயத்தில் தேதி வராது. எழுதப்போகிறேன் என்று சொன்னபோது அம்மா போட்ட ஒரே நிபந்தனை அது. "எழுது. நாள் மட்டும் போடாத. அவுக போயி எத்தன நாள்ல செஞ்சேன்னு வெரல் விட்டு எண்ணுனவங்க அப்பவே நெறையப் பேரு."

தீபாவளியும் நோன்பும் எந்த ஆண்டு ஒன்றாக வந்தன என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம். அப்பா போன மாதத்தை நான் சொல்லப்போவதில்லை.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. அப்பாவின் மரணத்தைப் பற்றி எழுதிய பிறகு, விருதுநகரிலிருந்து உறவினர் ஒருவர் எனக்குக் கடிதம் போட்டார். மரியாதையான கடிதம். அந்த ஆண்டு உங்கள் வீட்டிலிருந்து தீபாவளிப் பலகாரம் வெளியே போனதாக இங்கே இன்னும் பேசுகிறார்கள், உண்மையிலேயே கொடுத்தீர்களா, ‘கொடுக்கவில்லை’ என்று நீங்கள் ஒரு வரி எழுதிவிட்டால் அப்பா வழியில் எல்லோருக்கும் நிம்மதி என்று முடித்திருந்தார்.

ஒரு வரி போதாது. முழுதாகவே எழுதுகிறேன்.

சலீம் பாயின் எட்டு

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். ஹைதராபாத்தில் வீட்டு பிஸ்கட் என்பது வீட்டில் சுடுவதல்ல. மைதா, சர்க்கரை, நெய், ஏலம் எல்லாவற்றையும் நாம் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போக வேண்டும். அவர்கள் பிசைந்து, வில்லை போட்டு, விறகு அடுப்பில் சுட்டுத் தருவார்கள். கூலி தனி. நம் நெய் நம் மாவில்தான் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். பண்டிகைக்கு முந்தைய வாரம் அந்த பெஞ்சில் நாலு மொழி பேசுவார்கள். சந்தேகம் மட்டும் எல்லோருக்கும் ஒரே மொழியில் இருக்கும்.

எங்கள் பேக்கரி மௌலாலி போகும் வழியில் இருந்தது. நாங்கள் குடியிருந்தது ஏ.எஸ்.ராவ் நகர். அப்பா அங்கிருந்த பொதுத்துறைத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தார். எதையும் அளக்காமல் அவரால் இருக்க முடியாது. தேதி வியாதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியதில்லை.

சலீம் பாய் சூடு பார்க்கும் முறை எளிது. அடுப்பின் வாயில் கையை நீட்டிக்கொண்டு எண்ணுவார். எட்டு எண்ணுவதற்குள் கையை இழுக்க வேண்டி வந்தால் சூடு அதிகம். எட்டைத் தாண்டினால் குறைவு. அப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. ஓர் ஆண்டு ஸ்டாப் வாட்ச் கொண்டுபோய், சலீம் பாய் எண்ணுவதையே நேரம் பிடித்தார். மூன்று முறை. பிஸ்கட்டுக்கென்று வைத்திருந்த கோடு போட்ட நோட்டில் இப்படி எழுதினார்: 'சலீம் பாயின் எட்டு நம்முடைய பதினொரு வினாடி.' பெஞ்சே சிரித்தது. அதிகம் சிரித்தவர் சலீம் பாய்தான். "சாப், ரோட்டி கடிகாரம் பாக்குமா?" என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். அந்த ஆண்டு அப்பா பதினொரு வினாடியை நம்பித் தானே நின்று சுட்ட தட்டு கருகிப்போனது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்: 'கருகல். என் தவறு.'

பல வீட்டுத் தட்டுகள் ஒரே அடுப்புக்குள் போவதால் அடையாளம் வேண்டும். ஒரு வீட்டார் முள்கரண்டியால் குத்துவார்கள். ஒரு வீட்டார் சோடா மூடியால் அழுத்துவார்கள். அப்பா ஒரு வால்வு கொண்டுவந்தார். பழைய ரேடியோக்களுக்குள் இருக்கும் விரல் நீளக் கண்ணாடிக் குப்பி; செத்துப்போன ஒன்றைப் பழைய சாமான் கடையில் பொறுக்கியது. அதன் அடியில் ஒன்பது கம்பி முனைகள் வட்டமாக நிற்கும். பத்தாவது இருக்க வேண்டிய இடம் காலி. ஸ்பிரிட்டில் துடைத்து, ஒவ்வொரு வில்லையிலும் ஓர் அழுத்து. ஒன்பது புள்ளி, ஓர் இடைவெளி.

இடைவெளி எதற்கு என்று கேட்டிருக்கிறேன். "அது இருந்தாத்தான் எந்தப் பக்கமாச் சொருகணும்னு தெரியும்," என்றார் அப்பா.

நகரத்தின் மேற்கே கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் காலனியில் வீட்டுக்கொரு பிள்ளை அமீர்பேட்டைக்கு கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கப் போனது. தீபாவளிக்கு செல்லோபேன் சுற்றிய டப்பாக்கள் வீடு வீடாக வரத் தொடங்கியிருந்தன. யார் கொடுத்தது என்று ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் பிஸ்கட்டுக்குச் சீட்டு தேவைப்படவில்லை. புள்ளியைப் பார்த்ததும் காலனியில் எந்தக் குழந்தையும் எங்கள் வீட்டைச் சொல்லும்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

வாங்கலாம், கொடுக்கக் கூடாது

அந்தத் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே அத்தை விருதுநகரிலிருந்து வந்துவிட்டார். அப்பாவின் அக்கா. தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவர் அழுகை வேஷமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்த முதல் நாள் அப்பாவின் செருப்பு இன்னும் வாசலில் இருப்பதைப் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் படியை விட்டு எழவில்லை.

அவர் வெறுமனே வரவில்லை. முழுப் பரீட்சை முடிந்ததும் எங்களை ஊருக்குக் கூட்டிப் போவது என்று அங்கே முடிவு செய்துவிட்டு வந்திருந்தார். அவர் வீட்டு மாடி அறை காலியாக இருந்தது. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். முப்பத்தெட்டு வயதில் இரண்டு பெண் பிள்ளைகளோடு, மொழி தெரியாத ஊரில் அம்மா என்ன செய்வார் என்பது அவர் கேள்வி. அம்மாவுக்கு அந்த ஊர் மொழி மூன்றும் தெரியும். அத்தைக்குத்தான் தெரியாது.

அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பதில் சொன்னவள் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த என் தங்கை சுதா. மாடி அறைக்கு ஜன்னல் எத்தனை என்று அத்தை விவரித்துக்கொண்டிருக்கையில், தட்டிலிருந்து தலை நிமிராமல், "நேனு எக்கடிக்கி ரானு," என்றாள். எங்கேயும் வர மாட்டேன் என்று தெலுங்கில். அத்தைக்குப் புரியவில்லை. "பிள்ளைக்குத் தமிழே வரலயே செல்வி, இதுக்காகவாச்சும் நீ ஊருக்கு வரணும்," என்றார்.

துக்க வீட்டுக்கு அத்தை சொன்ன விதிகள் இரண்டு. வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அக்கம்பக்கத்திலிருந்து பலகாரம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். இங்கிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது.

வந்தது. எதிர்வீட்டு சுஜாதா ஆன்ட்டி அரிசெலு என்கிற தெலுங்கு அதிரசம் கொண்டுவந்து, "வதினா, பிள்ளைகளுக்கு," என்று வாசலிலேயே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். முறுக்கு வந்தது, லட்டு வந்தது. அம்மா ஒவ்வொரு பாத்திரத்தையும் கழுவித் துடைத்து, வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். மற்ற நாட்களில் ஒரு பிடி சர்க்கரையாவது போடாமல் யாருடைய கிண்ணத்தையும் அவர் திருப்பியதில்லை. அதுவும் கூடாதென்று அத்தை சொல்லியிருந்தார்.

ஏழாவது பாத்திரம் ஒரு தூக்குச்சட்டி. அதைத் துடைத்துக்கொண்டு அம்மா வெகுநேரம் நின்றார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "மைதா டப்பாவ எடு," என்றார்.

மைதா இரண்டு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, நெய் ஒரு கிலோ. அப்பாவின் அளவுதான். பேக்கரிக்குப் போய்வருகிறோம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டே கிளம்பினோம். ரொட்டி வாங்கப் போகிறோம் என்று நினைத்திருப்பார். சுதாவுக்கு ரஸ்க் வாங்கிவரச் சொன்னார். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அம்மா கைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே, கைக்குட்டையில் சுற்றிய வால்வு.

முதல் பிஸ்கட்

இனி மேடைக்குத் திரும்பலாம்.

சலீம் பாய்க்கு அப்பா இறந்த செய்தி முன்பே தெரியும். நாங்கள் மாவோடு போய் நின்றதும் வழக்கம்போலத் தராசை எடுத்தார். வேறெதுவும் கேட்கவில்லை. வில்லை போட்டதும் அப்பா நிற்கும் இடத்தில் அம்மா நின்று, ஒவ்வொன்றாக அழுத்தினார். முதல் சில வில்லைகளில் ஆழம் அதிகமாகி, வால்வு மாவோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு கை பழகிவிட்டது.

இப்போது சலீம் பாய் பிஸ்கட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அம்மா வாங்கவில்லை.

"கைக்கு சோச்ரே பாபீ?" என்றார் சலீம் பாய் மெதுவாக. எதற்கு யோசனை என்று.

அம்மா வாங்கினார். கடித்தார். மென்றார். அழுவார் என்று நான் பயந்தேன். மீனாட்சி ஆன்ட்டி எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். அம்மா அழவில்லை. மீதியையும் வாயில் போட்டு, கண்ணைச் சற்றுச் சுருக்கி, அப்பா செய்வதைப் போலவே பின்பல்லில் வைத்து நொறுக்கிப் பார்த்தார்.

"அவுர் தோ மினிட், பாய்," என்றார். இன்னும் இரண்டு நிமிடம்.

"ஹவ்," சரி என்று சொல்லி, சலீம் பாய் தட்டைத் திரும்ப உள்ளே தள்ளினார்.

அப்பாவின் நோட்டில் அந்த ஆண்டுக்குரிய வரி அம்மாவின் கையெழுத்தில் இருக்கிறது. எடை எல்லாம் சரியாக எழுதி, குறிப்பு என்ற இடத்தில்: 'இரண்டு நிமிடம் கூடுதல். நன்றாக வந்தது.' தேதி போட்டிருக்கிறார். நான் அதைப் படித்தேன், இங்கே எழுதவில்லை.

கடைப் பண்டம்

மீனாட்சி ஆன்ட்டியின் தட்டுகள் எங்களுக்கு முன்பே வெந்துவிட்டன. அதனால் நாங்கள் வீடு சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது.

அத்தை கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"தம்பி செத்த வருசத்துல உனக்குப் பிஸ்கோத்து கேக்குதா செல்வி?" என்றார்.

அப்போது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்து, எதிலும் விதியின் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் வயது. எண்ணெய்ச் சட்டிதானே வைக்கக் கூடாது, நாங்கள் வைக்கவில்லையே, அடுப்பே நம்முடையதில்லையே என்று வாதாடினேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் அத்தை அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது போல. முகம் கொஞ்சம் இளகியது. "அது சரித்தான். கடையில வாங்குனதுன்னு சொல்லிருவோம். கடைப் பண்டத்துக்குத் தோஷமில்ல. பிள்ளைக திங்கட்டும். வெளிய மட்டும் அனுப்பாத. நானும் ஊர்ல எதுவும் சொல்ல மாட்டேன்."

நல்ல ஏற்பாடு. எல்லோரும் தப்பித்திருக்கலாம்.

அம்மா டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, புள்ளி மேலே தெரியும்படி அத்தை முன்னால் வைத்தார்.

"கடையில இதப் போடுவாங்களா மதினி?"

அத்தை அதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டேயிருந்தார். தம்பி ஒவ்வொரு ஆண்டும் ஊருக்கு பார்சல் அனுப்பிய பிஸ்கட். அந்தப் புள்ளி அவருக்குத் தெரியாததல்ல.

அம்மா பேசினார். ரொம்ப நாளாக உள்ளே கட்டிவைத்திருந்ததைப் போல, நிறுத்தாமல். "கடைன்னு சொல்ல மாட்டேன். எண்ணெய்ச் சட்டி வைக்கலன்னும் சொல்ல மாட்டேன். தீபாவளிக்குன்னுதான் செஞ்சேன். அவுக பிள்ளைகளுக்கு இந்த வருசம் தீபாவளி உண்டு. ஒரு வாரமா ஒவ்வொரு வீட்டுப் பாத்திரமும் வாங்கி வாங்கி வைக்கிறேன். வாங்கிக்கிட்டே இருந்தா கை அப்படியே பழகிரும் மதினி. உங்க மாடி ரூமும் எனக்கு அப்படித்தான். நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீக. எனக்கு வேணாம்."

பிறகு அலமாரியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். அப்பாவின் தொழிற்சாலையில், தபால் அனுப்பும் பிரிவில் அம்மாவுக்கு வேலை. தீபாவளி கழிந்து சேர வேண்டும். எங்களுக்கும் அப்போதுதான் தெரியும். சுதா கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, நாங்கள் போகவில்லை என்று புரிந்ததும், யாரையும் கேட்காமல் இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். வெளியே போன முதல் பலகாரம் அதுதான்.

பன்னிரண்டு தட்டு

தீபாவளி அன்று பன்னிரண்டு தட்டு. நானும் அம்மாவும் எடுத்துக்கொண்டு போனோம். பிஸ்கட்டை என் கையில் கொடுத்தனுப்பிவிட்டு அம்மா வீட்டிலேயே இருந்திருக்கலாம். வந்தார். ஒவ்வொரு வாசலிலும், "நாங்க செஞ்சது," என்று அவரே சொன்னார். சுஜாதா ஆன்ட்டி தட்டை வாங்கி, புள்ளியைப் பார்த்து, அங்கேயே ஒன்றைக் கடித்தார். "இந்த வருஷம் அண்ணய்யாவைவிட நல்லா வெந்திருக்கு," என்றார். அப்பா கேட்டிருந்தால் நோட்டைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருப்பார்.

பதினோரு வீடு வாங்கின.

மீனாட்சி ஆன்ட்டி கதவைப் பாதி திறந்து, "இந்த வருஷம் வேண்டாமே செல்வி, தப்பா நெனச்சுக்காத," என்றார்.

"இல்ல, நெனைக்கல," என்றார் அம்மா. "அடுத்த வருஷமும் இங்கதான் இருப்பேன். அப்பவும் கொண்டாருவேன். வேணாம்னா அப்பவும் சொல்லுங்க."

அந்தத் தட்டை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக்கூட அம்மா சம்மதிக்கவில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

இரண்டு நாள் கழித்து அத்தைக்கு ரயில். செகந்திராபாத் ஸ்டேஷனில் சென்னை வண்டியில் ஏற்றிவிட்டு, அம்மா ஒரு டப்பாவை ஜன்னல் வழியாக நீட்டினார். அத்தை வாங்கவில்லை. ஊரில் கேட்பார்கள் என்றார். கேட்டால் சொல்லுங்கள் என்றார் அம்மா. வண்டி நகரும்வரை டப்பா நீட்டியபடியே இருந்தது. கடைசியில் அத்தை மூடியைத் தூக்கி, ஒரே ஒரு பிஸ்கட்டை எடுத்து, முந்தானை நுனியில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டார். அதைத் தின்றாரா, தெரியாது. நான் கேட்கவில்லை. அவரும் இப்போது இல்லை.

அந்த டப்பாதான் அடுத்த திங்கட்கிழமை அம்மாவின் கைப்பையில் போனது. தபால் பிரிவில் முதல் நாள், தனக்குக் கொடுத்த மேஜைமேல் அதைத் திறந்து வைத்தாராம். கணவனை இழந்து வந்தவளுக்கு ஆறுதல் சொல்லத் தயாராக வந்த ஏழெட்டுப் பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்களாம்.

விருதுநகர் உறவினருக்கு: கொடுத்தீர்களா என்று கேட்டிருந்தீர்கள். பதினோரு வீடு, ஓர் இஸ்திரி வண்டி, ஓர் ஆபீஸ், ஒரு ரயில் பெட்டி. கொடுத்தோம்.